அந்த வரி அங்கே ஏன் இருக்கிறது?

சி மொழியின் தர விதிப்படி ஒரு கமென்ட் ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் ஒரு பக்கம் நீண்டாலும், கம்பைலருக்கு அது வெறும் ஓர் இடைவெளிதான். டேப் எத்தனை, அடைப்புக்குறி எந்த வரியில் என்பதையும் அது கண்டுகொள்வதில்லை. ஆனால் இவற்றுக்காகத்தான் நிரலர்கள் அரை நூற்றாண்டாக மல்லுக்கு நிற்கிறார்கள். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட நூலின் பாணியே வேதம் என்பார் ஒரு சாரார். லினக்ஸ் கெர்னல் எட்டு எழுத்து அகலம் உள்ளே தள்ளச் சொல்கிறது. குனு திட்டத்துக்கு இரண்டு இடைவெளி போதும். இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றை இன்று கிளாங் ஃபார்மட் போன்ற ஒரு கருவி நொடியில் தீர்த்துவைக்கும். அதனால் தீர்க்க முடியாதது ஒன்று உண்டு. ஒரு வரி என்ன செய்கிறது என்பதை நிரலைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்; அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. கமென்ட் விதிகளில் மனிதர் கையில் இருக்க வேண்டியது இந்தக் காரணம் ஒன்றுதான். மற்றதை இயந்திரத்திடம் தள்ளிவிடலாம்.

அப்படித் தள்ளிவிடலாம் என்பதற்கு, 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பிழை நல்ல சாட்சி. பாதுகாப்பான இணைப்புக்கு முன் சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளியிருந்ததால், மேலே இருந்த 'இஃப்' நிபந்தனைக்கு இரண்டுமே கட்டுப்பட்டவை போலத் தெரிந்தன. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குள் அடங்கியது. இரண்டாவது எப்போதும் ஓடியது. கையொப்பச் சோதனை நடக்காமலே 'எல்லாம் சரி' என்ற விடையோடு நிரல் வெளியேறியது. 2016-இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், இப்படிக் கண்ணை ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 'ஒற்றை வரிக்கும் அடைப்புக்குறி போடு' என்று மூத்தவர்கள் தொண்டை வறளச் சொன்ன அறிவுரையின் பாதி வேலையை அது எடுத்துக்கொண்டது.

டெபியன் லினக்ஸில் நடந்ததை எந்தக் கருவியும் தடுத்திருக்காது. சொல்லப்போனால், கருவியின் பேச்சைக் கேட்டதால் வந்த வினை அது. 2006-இல் அங்கே, ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் பராமரித்தவர், 'மதிப்பே இடாத நினைவகத்தைப் படிக்கிறாய்' என்று வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எழுப்பிய புகாரை நிறுத்த முயன்றார். புகாருக்குக் காரணமான வரி, ரேண்டம் எண்களை உருவாக்கும் கோப்பில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் இரண்டு இடங்களில் இருந்தது. 'பஃப்' என்ற நினைவகத்திலிருந்து 'ஜே' பைட்டுகளை எடுத்துக் கலவையில் சேர்ப்பது அதன் வேலை. ஓரிடத்தில் 'பஃப்' என்பது விடையை வாங்கிக்கொள்ள வந்த இடம். அதில் ஏற்கெனவே கிடக்கும் குப்பையையும் சேர்த்துக் கலப்பது வெறும் உபரி; எடுத்துவிட்டாலும் நட்டமில்லை. மற்றோரிடத்தில் அதே 'பஃப்', வெளியிலிருந்து திரட்டி வந்த ரேண்டம் விதை. அதைக் கலக்காவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண். உபரி வரிக்குப் பக்கத்தில், பியூரிஃபை என்ற கருவி இதைக் குறை சொல்லும் என்று ஒரு கமென்ட் இருந்தது. உயிர்நாடியான வரிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவர் இரண்டையும் நீக்கிவிட்டார். விதையில் மாறக்கூடியதாக மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். லினக்ஸில் அது வழக்கமாக 32,768-க்குள் அடங்கிவிடும். யாராலும் ஊகிக்க முடியாதிருக்க வேண்டிய ரகசியச் சாவிகள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடும் அளவுக்குச் சுருங்கின. 2008 மே மாதம் விஷயம் வெளியே வரும்வரை டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் அத்தகைய சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

நிரல் தெளிவாக இருந்தால் கமென்ட் எதற்கு, நல்ல பெயர் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி நியாயம்தான். ஒரு 'பஃப்'புக்கு 'விதை' என்றும் மற்றொன்றுக்கு 'விடை' என்றும் பொருள்படப் பெயர் வைத்திருந்தால், இரண்டும் ஒன்றல்ல என்பது பார்த்ததுமே பிடிபட்டிருக்கும். ஆனால் விடைக்கான இடத்தில் கிடக்கும் குப்பையை எதற்காகக் கலக்கிறோம், கருவி புகார் சொன்னால் எந்த வரியில் கைவைக்கலாம், எதில் கூடாது என்பதை எந்தப் பெயருக்குள்ளும் அடைக்க முடியாது. கமென்ட் இருந்திருந்தால் தவறே நேர்ந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஒரே மாதிரி எழுதிய இரண்டு வரிகள் எதிரெதிரான முக்கியத்துவத்தோடு நிற்கும்போது, நிரல் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கமென்ட் நாளடைவில் பொய்யாகிவிடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. நிரல் மாறும், பக்கத்துக் குறிப்பு பழையபடியே நிற்கும், கம்பைலர் எச்சரிக்காது. ஐ-யுடன் ஒன்றைக் கூட்டும் வரிக்குப் பக்கத்தில் 'ஐ-யுடன் ஒன்றைக் கூட்டு' என்று எழுதும் ரகத்துக்கு இது முழுக்கப் பொருந்தும்; அவற்றை அழிப்பதே மேல். இயந்திரம் சரிபார்க்கக்கூடிய குறிப்புகள் மெல்ல மொழிக்குள்ளேயே இடம்பெயர்ந்தும் வருகின்றன. 'ஸ்விட்ச்' அமைப்பில் 'பிரேக்' இல்லாமல் அடுத்த 'கேஸ்' பகுதிக்கு வேண்டுமென்றே வழிய விடும்போது அதைக் கமென்டில் சொல்லிவைப்பது பழைய வழக்கம். 2017-இல் வந்த ஜிசிசி 7 அந்தக் கமென்டையே படித்து, இப்படி வழிவது பற்றிய எச்சரிக்கையை அடக்கத் தொடங்கியது. வெறும் இடைவெளியாக வேண்டியதை நின்று வாசிக்கும் கம்பைலர்! லினக்ஸ் கெர்னல் பிறகு அந்தக் கமென்டுகளுக்குப் பதில் தனிச்சொல் ஒன்றை வைத்துக்கொண்டது. சி23 தரத்தில் இதற்கென்றே ஒரு குறி வந்துவிட்டது. காரணம் சொல்லும் கமென்ட் இப்படி இடம்பெயர முடியாது, அவ்வளவு விரைவில் கெட்டும் போகாது. அது தவறாக இருந்தாலும்கூடப் பயனுண்டு. டெபியனில் வரியை நீக்கியவர் அதை அழித்துவிடவில்லை. கமென்ட் குறிகளுக்குள் அடைத்து, மதிப்பிடாத தரவைச் சேர்க்கக் கூடாது என்று காரணத்தையும் எழுதிவைத்தார். ஓரிடத்துக்கு அது சரி, மற்றோரிடத்துக்குத் தவறு. பிழை தெரிந்தபின் நிரலைத் திறந்தவர்களுக்கு, எந்த நினைப்பில் அந்த வரி போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை.