இறைவார்த்தை காட்டும் வழி

விவிலியம் இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அது அலுமாரியில் இருந்தபடி வழிகாட்டாது. மறைநூல் விசுவாசிகள் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கேட்டுக்கொண்டது. கிடைத்ததை எப்படிப் படிப்பது?

தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய 'ஏழு படிகள்' முறை, எழுத்தறிவு குறைந்தவரும் பங்குகொள்ளக்கூடியது. ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனதைத் தொட்ட சொற்களை மீண்டும் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செய்யவேண்டியதைக் கலந்து பேசுதல், செபம் என்பனவே அப்படிகள். ஆறாவது படியை விட்டுவிட்டால் படிப்பு வெறும் பேச்சாகிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இணைச்சட்டம் 24:14-15 ஏழைக் கூலியாளைப் பற்றியது. அவருடைய கூலியைப் பொழுது சாயுமுன் அன்றைக்கே கொடுக்கவேண்டும். ஏனெனில் அவர் அதையே நம்பியிருக்கிறார். அவர் நம்மவரா, அந்நியரா என்ற பேதமும் அங்கே இல்லை. யாக்கோபு 5:4இலோ, அறுவடை செய்தவருக்குக் கொடுக்காத கூலியே கூக்குரலிடுகிறது.

இனி ஆறாவது படி. எங்கள் வயலில் அரிவு வெட்டியவருக்குக் கூலி என்று கிடைக்கிறது? நெல் விற்ற பிறகு பார்ப்போம் என்று நாட்களைக் கடத்துகிறோமா? அதுவரை அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலியா?

இக்கேள்விகளுக்கு விடை சொல்லக் கூடியிருப்போர் தயங்கலாம். தயங்கினாலும் பேசவேண்டும். கொடுக்கவேண்டிய கூலி இருந்தால், விவிலியத்தை மூடியதும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதுவே அன்றைய படிப்பின் பலன்.