கூரைக்கு ஒரு சான்றிதழ்

தகரம் போட்டாயிற்று, இனிப் புயல் என்ன செய்யும் என்று எண்ணும் தோழர்கள், அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரைக் கதையைக் கேட்கட்டும்.

1970 ஆகஸ்டு 3-ஆம் நாள் சீலியா புயல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரைச் சூறையாடியது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் என்ன செய்தன? பிரீமியம் வாங்க நீண்ட கை, நட்டஈடு கொடுத்துச் சுட்டதும் முடங்கிக்கொண்டது! கடலோர வீட்டுக்குக் காற்றுக் காப்பு கிடைப்பதே அரிதாயிற்று. 1971-இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டது. மாநிலத்தில் சொத்து இன்ஷ்யூரன்ஸ் நடத்தும் கம்பெனிகள் சேர்ந்து சுமக்க ஒரு சங்கத்தை அமைத்தது. தனியார் தொழிலின் தாயகம் என்று மார்தட்டும் நாட்டிலேயே, சட்டம் பிடரியைப் பிடித்த பிறகுதான் கம்பெனிகள் தோள் கொடுத்தன! கடலோரக் கவுண்டிகள் 14, அவற்றோடு ஹாரிஸ் கவுண்டியின் ஒரு பகுதி, இவையே அதன் எல்லை. காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் மட்டுமே காப்பு. வெள்ளத்துக்கு வேறு பாலிசி.

சங்கத்தில் இடம்பெறச் சான்றிதழ் வேண்டும். 1988 ஜனவரி 1 முதல் கட்டிய வீட்டுக்கும் மாற்றிய கூரைக்கும் இதுவே பொது விதி.

தகரம் கனமா, பளபளப்பா என்பதல்ல கேள்வி. புயற்காற்று கூரையை அமுக்குவதைவிட, மேலே உறிஞ்சித் தூக்குவதே ஆபத்து. ஓரத்திலும் மூலையிலும் அந்த இழுப்பு மிக அதிகம். அங்கே திருகாணி நெருக்கமாக இருக்க வேண்டும். சோதனையில் தேறிய தகட்டை, சோதனையில் வைத்த அதே இடைவெளியில் முடுக்க வேண்டும். தகடு பலகையோடு, பலகை கைமரத்தோடு, கைமரம் சுவரோடு, சுவர் அஸ்திவாரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டால் போயிற்று!

விதி நல்ல விதிதான். 2017 ஆகஸ்டு 25-இல் ஹார்வி புயல் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ராக்போர்ட் அருகே கரையேறியதே, அந்தக் காற்றிடம் சலுகை கேட்க முடியுமா?

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. தகட்டை மூடிய பிறகு, அடியிலுள்ள பலகையில் எத்தனை ஆணி என்று யார் காண்பது? வேலை நடக்கும்போதே ஆய்வாளரை அழைத்தவருக்குக் கவலையில்லை. காண்ட்ராக்டர் வாய்ச்சொல்லை நம்பிய துறைமுகத் தொழிலாளி? முடிந்த வேலைக்கும் உரிமம் பெற்ற பொறியாளர் சான்று தரலாம். தரட்டும், கட்டணம் யார் தலையில்? கட்ட முடியாவிட்டால் சங்கத்தில் இடமில்லை. வீட்டை விற்கப் போனாலும், வாங்குபவருக்குக் கடன் தரும் பாங்கு காப்பு எங்கே என்று கேட்கும். அடுத்த புயலில் கூரை பறந்தால், முழு நட்டமும் அவன் மடியில்.

கம்பெனிகளை இழுத்துவந்த சட்டமன்றம் இன்னும் ஓரடி வைக்கட்டும். ஆய்வாளரை அழைக்கும் கடமையைக் கூரை போடும் காண்ட்ராக்டர் மீது சுமத்தட்டும். சான்று வரும்வரை கடைசித் தவணை அவர் கைக்குப் போகாதிருக்கட்டும்.