முக்குளிப்போரும் நைட்ரஜன் வாயுவும்

போர்ட் பிளேர் துறைமுகத்திற்கு (2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. இந்தியாவில் இன்று இயங்கும் எரிமலை இது ஒன்றே. நெடுங்காலம் அடங்கியிருந்து, 1991இல் மீண்டும் கனன்றது. முற்காலத்தில் அங்கு விடப்பட்ட ஆடுகளின் வழிவந்தவை இன்றும் தீவில் திரிகின்றன. பயணிகள் கரையில் இறங்க அனுமதியில்லை. எனினும் கரிய எரிமலைச் சரிவின் மீது கடலடியில் வளர்ந்துள்ள பவளங்களைக் காண முக்குளிப்போர் செல்கின்றனர். படகிலேயே உண்டு உறங்கிச் சில நாட்கள் தங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மூழ்குவர்.

இத்தகைய பயணத்திற்குப் புறப்படுவோர் பலர் சுறா மீனைப் பற்றி வினவுவர். அவர்கள் முதலில் வினவ வேண்டியது, தாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றியாகும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டரில் நிலவுவது நான்கு வளிமண்டல அழுத்தம். கூஸ்தோ, கக்னான் என்னும் இருவர் 1943இல் பிரான்சில் உருவாக்கிய சுவாசக் கருவியும் அதன் வழிவந்தவையும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாகவே காற்றைத் தருகின்றன. அக்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதனைப் பயன்படுத்துவதில்லை. அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலேறினால் கரைந்த வாயு நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகும். இரண்டு சோடாப் புட்டிகளில் ஒன்றன் மூடியைச் சிறிது சிறிதாகவும், மற்றொன்றைச் சட்டெனவும் திறந்து காட்டினால் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் இக்குமிழிகளைத் தவிர்க்கும் வழியை ஆடுகளை வைத்து ஆராய்ந்து, உடன் உழைத்த இருவருடன் 1908இல் வெளியிட்டார். (பாரன் தீவின் ஆடுகள் இவ்வரலாற்றை அறியா.) உடலின் திசுக்கள் யாவும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதும் விடுவதும் இல்லை என்பது அவருடைய கணக்கின் அடிப்படை. சேர்ந்த மிகுதியில் பாதி வெளியேற ஒரு வகைத் திசுவுக்கு 5 நிமிடமும், அவர் கொண்ட வகைகளுள் மிக மெதுவானதற்கு 75 நிமிடமும் ஆகும் என அவர் கொண்டார். இவ்வளவைக் கொண்டு பார்த்தால், இரண்டு மணி நேரம் மேல்தளத்தில் ஓய்ந்திருந்த பின்னரும் மெதுவான திசுவில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அதனோடுதான் அடுத்த முக்குளிப்பு தொடங்குகிறது. இன்றைய கணக்கு முறைகளில் சில, 10 மணி நேரத்திற்கு மேற்பட்ட பாதிக்காலத்தையும் சேர்த்துக் கொள்கின்றன. ஓர் இரவு உறக்கம் அத்தகைய திசுவைத் தூய்மையாக்கப் போதாது.

எனவேதான் படகுப் பயணத்தில் மூன்றாம், நான்காம் நாட்கள் கவனத்திற்குரியன. தோளிலோ முழங்காலிலோ வலி தோன்றும். சிலிண்டர் சுமந்த வலி என்று அதனை ஒதுக்கிவிடுவது எளிது. தன்னால் பிறருடைய பயணம் கெடுமே என்ற கூச்சத்தால் மறைப்பவரும் உண்டு. இஃது ஆபத்தான நாணம். கால் மரத்துப் போதல், தலைசுற்றல், காரணமற்ற பெருங்களைப்பு ஆகியனவும் இந்நோயின் குறிகளே. அப்போது தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து, படகைத் திருப்ப வேண்டும். வலி தணியுமென்று மீண்டும் நீரில் இறக்குதல் கூடாது. முறையான சிகிச்சை கரையிலுள்ள அழுத்த அறையில்தான் உண்டு. பாரன் தீவிலிருந்து திரும்பப் பல மணி நேரம் ஆகும்.

மணிக்கட்டில் அணியும் கணிப்பான் முந்தைய முக்குளிப்புகளையும் கணக்கில் கொள்கிறது. அது காட்டும் எல்லை வரை சென்றே ஆக வேண்டும் என்பதில்லை. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி வருதல் நன்று.

விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் உள்ள அளவுக்குக் குறையக்கூடும். பல நாள் மூழ்கியவர், கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம். பவள ஆய்வுக்குக் குழுவை அனுப்பும் அலுவலர், பயணச் சீட்டு வாங்கும்போதே கரையில் தங்கும் அந்த ஒரு நாளையும் சேர்த்துக் கொள்க.