புரதத் திரட்சியும் ஆக்சிஜனேற்ற மிகையும்: நரம்புநோய்க் கலைச்சொற்கள் சில

1. முன்னுரை

அல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், ஏ.எல்.எஸ். முதலியவற்றில் நரம்புச்செல்கள் படிப்படியாக அழிகின்றன. இவ்வழிவை விளக்கும் நூல்களில் 'புரோட்டீன் அக்ரிகேஷன்', 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்னும் இரு தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றைத் தமிழாக்குவோர் அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல், அவை சுட்டும் நிகழ்வை அறிந்து பெயரிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. பெயரில் தங்கிய பிழை

மூளைத்திசுவில் கண்ட சில படிவுகள் அயோடினுடன் சேர்ந்து மாவுப்பொருளைப் போல் நிறம் மாறியதால், 1854-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ அவற்றை 'அமிலாய்டு' என்றார். மாவுப்பொருள் போன்றது என்பது இதன் பொருள். 1859-இல் ஃப்ரீட்ரைக், கெக்குலே ஆகிய இருவரும் அமிலாய்டு படிந்த உறுப்பைப் பகுப்பாய்வு செய்து, அது புரதத்தன்மையது எனக் காட்டினர். ஆயினும் பழைய பெயரே நிலைத்தது. சொற்பகுப்பு வழியே இதனை 'மாவுப்போலி' என்று ஆக்கினால், கைவிடப்பட்ட கருத்து தமிழில் மீண்டும் உயிர்பெறும். இங்கு ஒலிபெயர்ப்பே தக்கது.

3. திரள்தலும் திரட்டுதலும்

புரதம் குறிப்பிட்ட வடிவில் மடிந்தால்தான் தன் பணியைச் செய்யும். மடிப்பு பிறழ்ந்தால், உள்ளே மறைந்திருக்க வேண்டிய நீர்வெறுக்கும் பகுதிகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. முதல் நிகழ்வைத் 'திரிபு' எனலாம். எனினும் அச்சொல் இயற்பியலிலும் நுண்ணுயிரியலிலும் வேறு பொருள்களில் வழங்குவதால் 'பிறழ்மடிப்பு' என்பது தெளிவுடையது. இரண்டாவது 'திரட்சி'. வெண்ணெய் திரள்வதுபோல் இது தானே நிகழ்வது. எனவே 'திரள்தல்' என்னும் தன்வினையே பொருந்தும், 'திரட்டுதல்' பொருந்தாது. 'கட்டி' என்பதோ புற்றுநோயை நினைவூட்டும்.

4. 'அழுத்தம்' தரும் மயக்கம்

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது கொள்கிறது. இப்பயன்பாட்டின்போது தோன்றும் வினைமிகு மூலக்கூறுகளைச் செல் தன் காப்பு நொதிகளால் அடக்குகிறது. அவை காப்பை விஞ்சும் நிலையையே 1985-இல் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என வரையறுத்தார். இதனை 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்றால் பொதுவாசகர் இரத்த அழுத்தத்தையோ மன அழுத்தத்தையோ எண்ணுவர். 'சமனிழப்பு' என்பது எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டாது. 'ஆக்சிஜனேற்ற மிகை' என்பது வரையறையை நேரே உணர்த்தும்.

5. ஒரு நொதி தரும் சான்று

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அத்தகைய காப்பு நொதிகளுள் ஒன்று. அதன் மரபணுவில் நேரும் மாற்றம் குடும்பவழி ஏ.எல்.எஸ். நோயுடன் தொடர்புடையது என்று 1993-இல் கண்டறியப்பட்டது. காப்புக் குறைந்ததால் நோய் வந்தது என்பதே முதலில் எழுந்த எண்ணம். ஆனால் 1994-இல், மாற்றமுற்ற மனித மரபணுவைப் பெற்ற எலிகள், நொதியின் செயல் குறையாதிருந்தும் நோயுற்றன. 1996-இல், அந்நொதியே இல்லாத எலிகளுக்கு அந்நோய் தோன்றவில்லை. ஆகவே தீங்கு நொதியின் இன்மையால் அன்று, மாறிய நொதி பெற்ற நச்சியல்பால் விளைவது எனத் தெளிந்தது. அந்நொதியின் பிறழ்மடிப்பும் திரட்சியும் இந்நோயின் அடையாளங்களாயின. இவ்வாறு, மிகைக்கு எதிரான காவலே திரட்சிக்குரிய பொருளாகவும் ஆகிறது.

6. முடிவுரை

மேற்கண்ட வரலாறு வினைச்சொல் தேர்விலும் எச்சரிக்கை வேண்டும் என்பதைக் காட்டுகிறது. 'தொடர்புடையது' என மூலத்தில் இருப்பதைக் 'காரணமாகிறது' என மொழிபெயர்த்தால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை நோயைத் தீர்க்கும் என்று நோயாளியின் குடும்பம் நம்பக்கூடும். பார்க்கின்சன் நோய்க்கு வைட்டமின் ஈ அளித்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தபோது, அதனால் பயனில்லை என்றே தெரிந்தது. மிகையும் திரட்சியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. எது முந்தியது என்பது நோய்தோறும் ஆய்வுக்குரியது. அவ்வையத்தை மூலத்தில் உள்ளவாறே தமிழிலும் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.