பிரெஜ்மர் அரண் தேவாலயம்: கிராம மக்கள் எழுப்பிய கோட்டை

அறிமுகம்

கோட்டை என்றதும் அரசர்களும் படைத்தளபதிகளுமே எமது நினைவுக்கு வருவர். ஆனால் ருமேனியா நாட்டின் திரான்சில்வேனியாப் பகுதியில் உழவர்களும் கைவினைஞருமே கோட்டைகளைக் கட்டினர். அவற்றின் நடுவே இருந்தது அரண்மனை அன்று, ஊரின் தேவாலயம். இத்தகைய தேவாலயங்கள் 'அரண் தேவாலயங்கள்' எனப்படும். ஏறத்தாழ 150 அரண் தேவாலயங்கள் இன்றும் அப்பகுதியில் எஞ்சியுள்ளன. அவற்றுள் பிரஷோவ் நகருக்கு வடகிழக்கே அமைந்த பிரெஜ்மர் கிராமத்துத் தேவாலயம் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஜேர்மன் மொழியில் இக்கிராமத்தின் பெயர் தார்த்லவ்.

1. வரலாற்றுப் பின்னணி

12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹங்கேரி மன்னன் இரண்டாம் கேசா ஜேர்மன் மொழி பேசும் மக்களைத் திரான்சில்வேனியாவில் குடியேற்றினான். எல்லையைப் பாதுகாப்பதும் நிலத்தை வளப்படுத்துவதும் இதன் நோக்கங்களாகும். இம்மக்கள் சாக்சன்கள் என அழைக்கப்பட்டனர். 1224இல் இரண்டாம் அன்ட்ரூ மன்னன் வழங்கிய சாசனம் இவர்களுக்குத் தன்னாட்சி உரிமை அளித்தது. இதனால் இவர்கள் நிலப்பிரபுக்களுக்கு அடிமைப்படாது வாழ்ந்தனர். ஆயினும் நிலப்பிரபு இல்லாத ஊரில் அவனது கோட்டையும் இருக்கவில்லை. ஆபத்து வேளையில் மக்கள் தம்மைத் தாமே காக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆபத்தும் விரைவில் வந்தது. 1241இல் மொங்கோலியர் படையெடுத்துப் பேரழிவை ஏற்படுத்தினர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒட்டோமன் துருக்கியரின் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஊரில் கல்லாற் கட்டப்பட்ட உறுதியான கட்டடம் தேவாலயம் ஒன்றே. எனவே மக்கள் அதனைச் சுற்றி மதில் எழுப்பினர்.

2. கட்டட அமைப்பு

அ) தேவாலயம்: 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியூத்தோனிக் வீரத்துறவியர் காலத்தில் இதன் கட்டடப்பணி தொடங்கியது. 1240இன் பின் சிஸ்டேர்சியன் துறவிகள் இதனைப் பொறுப்பேற்றனர். முதலில் நான்கு புறமும் சம நீளமுள்ள சிலுவை வடிவில் அமைக்கப்பட்ட இக்கட்டடம் பின்னர் மேற்குத் திசையில் நீட்டப்பட்டது. கூர்முனை வளைவுகள் கோதிக் கலைப்பாணியைக் காட்டுகின்றன. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பலிபீட ஓவியத்தின் நடுவில் இயேசுவின் சிலுவை மரணம் தீட்டப்பட்டுள்ளது. திரான்சில்வேனியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய பலிபீட ஓவியங்களுள் இதுவும் ஒன்று.

ஆ) மதில்: தேவாலயத்தை வளைத்து நிற்கும் வட்ட மதில் சுமார் 12 மீற்றர் உயரமுடையது. அதன் தடிப்பு 3 மீற்றருக்கும் மேற்பட்டது. வெளிப்புறத்தில் சுடுவதற்கான சிறு துளைகளே உண்டு. மதிலின் மேற்பகுதியில் காவலர் நடந்து செல்லும் பாதையும், மதிலடிக்கு வரும் பகைவர்மீது கொதிக்கும் பொருள்களை ஊற்றும் வாய்களும் உள்ளன. முற்காலத்தில் மதிலைச் சுற்றி அகழியும் இருந்தது. நீண்ட வளைவுக்கூரைப் பாதை ஒன்றின் வழியாகவே உள்ளே செல்ல முடியும். மேலிருந்து இறக்கப்படும் கனமான கதவு அப்பாதையைத் தடுத்தது.

இ) அறைகள்: மதிலின் உட்புறத்தில் பல மாடிகளாக 270க்கும் மேற்பட்ட சிற்றறைகள் அடுக்கப்பட்டுள்ளன. மரப்படிகளும் மரத்தாழ்வாரங்களும் அவற்றை இணைக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமிட்ட அறை ஒதுக்கப்பட்டிருந்தது. சமாதான காலத்தில் தானியம் சேமிக்கவும், முற்றுகைக் காலத்தில் தங்கவும் அவை பயன்பட்டன. பிள்ளைகளின் கல்வி தடைப்படாதிருக்கப் பள்ளி அறை ஒன்றும் உள்ளே இருந்தது.

வெளியிலிருந்து நோக்குபவருக்கு இது போர்க்கோட்டை. உள்ளே நிற்பவருக்கோ இது ஒரு முழுக் கிராமம். இக்கட்டடத்தின் சிறப்பு இதுவேயாகும்.

3. லூதரன் தேவாலயமாக மாறுதல்

இத்தேவாலயம் கத்தோலிக்கத் தேவாலயமாகவே கட்டப்பட்டது என்பதை மாணவர் மறத்தலாகாது. மார்ட்டின் லூதர் 1517இல் ஜேர்மனியில் தொடக்கிய மதச் சீர்திருத்தத்தைப் பிரஷோவ் நகர அறிஞர் ஜொஹான்னஸ் ஹொன்தெருஸ் 1540களில் இப்பகுதியில் பரப்பினார். 1550இல் சாக்சன்கள் அனைவருக்கும் அது பொதுவாயிற்று. வழிபாடு ஜேர்மன் மொழியில் நடைபெற்றது; மறையுரை முதன்மை பெற்றது. புதிய தேவாலயம் கட்டப்படவில்லை. பழைய கட்டடமே புதிய வழிபாட்டுக்கு ஏற்றதாக்கப்பட்டது. பிரெஜ்மரின் பழைய பலிபீட ஓவியமும் அழிக்கப்படாது தப்பியது. பியேர்தான் என்னும் மற்றொரு அரண் தேவாலயக் கிராமம் 1572 முதல் 1867 வரை லூதரன் ஆயரின் இருப்பிடமாக விளங்கியது.

4. பிற்காலமும் இன்றைய நிலையும்

1611இல் திரான்சில்வேனிய இளவரசன் காபிரியேல் பாத்தோரி பிரெஜ்மரைக் கைப்பற்றினான். அந்நியரைத் தடுக்கக் கட்டிய மதிலை வீழ்த்தியவன் சொந்த நாட்டு ஆட்சியாளன் என்பது கவனிக்கத்தக்கது.

1918இல் திரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணைந்தது. 1945 ஜனவரியில் சாக்சன்கள் பலர் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் யூனியனுக்கு அனுப்பப்பட்டனர். 1989இல் கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின் எஞ்சியோரிற் பெரும்பாலானோர் ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். மதிலைக் கட்டியவர்களின் சந்ததியினர் அவ்வூர்களில் இன்று மிகச் சிலரே. பல கிராமங்களில் தேவாலயங்களைப் பராமரிக்க ஆளில்லாத நிலை தோன்றியது.

யுனெஸ்கோ நிறுவனம் 1993இல் பியேர்தானை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999இல் பிரெஜ்மர் உட்பட மேலும் ஆறு கிராமங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. கற்களைப் பாதுகாக்க நிதியும் சட்டமும் உதவலாம். ஆனால் ஒரு மரபுரிமைக்கு உயிர் கொடுப்பவர்கள் அங்கு வாழும் மக்களே.

நினைவிற் கொள்க

• தேவை: நிலப்பிரபுவின் கோட்டை இன்மை, தொடர்ச்சியான படையெடுப்பு.
• தீர்வு: தேவாலயத்தைச் சுற்றிய மதில், குடும்பத்துக்கு ஓர் அறை.
• சமய மாற்றம்: கத்தோலிக்கம் → லூதரன் (1550).
• உலக மரபுரிமை: 1993, 1999.

பயிற்சி வினாக்கள்

1. சாக்சன்கள் திரான்சில்வேனியாவிற் குடியேற்றப்பட்டமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
2. பிரெஜ்மர் மதிலின் பாதுகாப்பு அம்சங்கள் நான்கினைக் குறிப்பிடுக.
3. "தன்னாட்சி உரிமையே அரண் தேவாலயங்கள் தோன்றக் காரணமாயிற்று." இக்கூற்றை ஆராய்க.