ஆவியா, மனசா? தமிழ் மர்மக் கதைகளில் துக்கமும் மனநோயும்

தமிழில் அமானுஷ்ய மர்மக் கதை பெரும்பாலும் ஒரே கேள்வியை வைத்து ஓடுகிறது: நடப்பது ஆவியின் வேலையா, மனதின் வேலையா? முதல் பாதியில் சலங்கை ஒலிக்கும், கதவு தானாகத் திறக்கும், மந்திரவாதி வருவார். பிற்பாதியில் மருத்துவர் வந்து நோய்க்கு ஒரு பெயர் சொல்வார். துப்பறியும் கதையில் கொலைகாரனின் பெயர் வெளிப்படும் இடத்தில் இங்கே நோயின் பெயர் வெளிப்படுகிறது. அந்த நோய்க்கு அடியில் பெரும்பாலும் ஓர் இழப்பு கிடக்கிறது. கதைகள் அதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

தொலைக்காட்சியில் இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது 1990களில் வந்த 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அந்தத் தொடரின் 'விடாது கருப்பு' பகுதியில், காவல் தெய்வம் தண்டிக்கிறது என்று ஊர் நம்புவதற்கு மனநோய் சார்ந்த விளக்கம் ஒன்றும் கூடவே வளர்கிறது.

2005இல் ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்' என ஓர் உடலில் வேறொரு ஆள் புகுந்த கதைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தன. 'சந்திரமுகி'யின் மூலம், மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழு' (1993). மலையாளப் படத்தில் பேய் தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு பேசத் தொடங்கிவிட்டாள். பேய் எப்போதும் பக்கத்து ஊர்க்காரிதான் போலும். மலையாள நாயகி கங்காவின் நோய்க்கு வேர் தெளிவாக இருக்கிறது: பெற்றோர் தொலைவில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்தவள், அங்கிருந்து தன்னைப் பிரித்து அழைத்துப்போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் முறையாக நிலைகுலைகிறாள். சிகிச்சைதான் விசித்திரம். மருத்துவரும் மந்திரவாதியும் கூட்டுச் சேர்ந்து, ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து அவளைப் பழிதீர்க்க விடுகிறார்கள். ஒரே இரவில் குணம்! நிஜத்தில் இத்தகைய பாதிப்புக்கான சிகிச்சை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீளும்.

'அந்நியன்' கருட புராணத் தண்டனைகளுக்காக நினைவில் நிற்கிறது. ஆனால் நாயகன் அம்பியின் மனம் உடைந்தது சின்னஞ்சிறு தங்கையின் சாவில். மழைத் தண்ணீரில் அறுந்து கிடந்த மின்கம்பி அவளைக் கொன்றது. யாருடைய அலட்சியம் என்று தெரிந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. சிகிச்சை முடிந்து வெளியே வந்த அம்பி, கடைசிக் காட்சியில் அந்த அலட்சியத்துக்குக் காரணமான மின் ஊழியரை ரயிலில் பார்த்ததும் வெளியே தள்ளிவிடுகிறான். படம் இதைக் கைதட்டலுக்காகத்தான் வைத்தது. ஆனாலும் நோய் போன பிறகும் துக்கம் அப்படியே இருப்பதை அறியாமலே காட்டிவிட்டது.

இந்தப் படங்களால் விளைந்த கேடும் சிறிதல்ல. மனநோயாளி என்றால் கொலை செய்யக்கூடியவர் என்ற எண்ணம் பார்வையாளர் மனதில் பதிந்துபோனது. சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய மருத்துவமனைதான், கீழ்ப்பாக்கத்தில் உள்ள இன்றைய அரசு மனநலக் காப்பகம். 'கீழ்ப்பாக்கம்' என்ற அதன் அடையாளத்தையே தமிழ் சினிமா நகைச்சுவை வசவாக்கிவிட்டது. வடசென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்தோ எண்ணூர்க் குப்பங்களிலிருந்தோ ஒருவரை அங்கே அழைத்துப்போவதற்கு தூரத்தைவிட அந்தப் பெயரே பெரிய தடை. 'காத்து கருப்பு' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதிலேயே பல மாதங்கள் கழிந்துவிடும். அந்த நம்பிக்கையின் கொடிய முகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவில் குணமாகும் என்று மனநோயாளிகளைக் கொண்டுபோய் விட்ட ஏர்வாடியில் தெரிந்தது: தீ விபத்தில் 28 மனநோயாளிகள் மாண்டார்கள், பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள்.

இந்தக் கதைகள் மறக்கும் இன்னொன்றும் உண்டு: இறந்தவரைப் பார்ப்பதோ அவர் குரலைக் கேட்பதோ மட்டும் மனநோயாகிவிடாது. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டேவி ரீஸ் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ, அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பலர் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள். இழப்புக்குப் பின் ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும்போதுதான், உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நோய்ப் பட்டியல் அதை நோயாகக் கணக்கிடுகிறது; அப்போதும் அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தை மனதில் கொள்ளச் சொல்கிறது.

துக்கமும் நோயும் சந்திக்கும் இந்த இடத்தை நெருங்கியவர் இயக்குநர் அஸ்வின் சரவணன். 'கேம் ஓவர்' (2019) நாயகி ஸ்வப்னா பழைய வன்முறை ஒன்றின் அதிர்ச்சியிலிருந்து மீளாதவள். அது நடந்த நாள் நெருங்க நெருங்க அவள் நிலை மோசமாகிறது. அவள் கையில் பச்சை குத்திய மையில், கொலையுண்ட இன்னொரு பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்துவிடுகிறது. மகளின் சாம்பலைப் பச்சை மையில் கலந்து தன் உடலில் வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணின் தாய் ஆசைப்பட்டிருந்தாள். அமானுஷ்யம் வருவதே அந்த வழியில்தான். யார் நோயாளி, யார் பேய் என்று படம் தீர்ப்பு எழுதுவதில்லை.

அதே இயக்குநரின் 'கனெக்ட்' (2022) தொடங்கும் இடமும் வலுவானது. கொரோனாவில் அப்பாவை இழந்த சிறுமி, அவர் ஆவியோடு பேச 'ஊய்ஜா' எழுத்துப் பலகையை வைத்து உட்காருகிறாள். முகம் பார்க்காமலே உறவினரை அடக்கம் செய்ய நேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஏக்கம் புரியும். பிற்பாதியில் பாதிரியார் காணொளி வழியே பேயோட்டத் தொடங்கியதும் படம் வழக்கமான பாதைக்குத் திரும்பிவிடுகிறது. மகளைப் பிடித்த பேயைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அவள் அப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.