முன்பனியா, பின்பனியா?

எல்லையோரம் – 17

ஓசூர் சிப்காட்டை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலைக்கு முன்பு 7 என்று எண். வாரணாசியில் கிளம்பி கன்னியாகுமரியில் முடியும். எண்களை மாற்றி அடுக்கியபோது அது 44 ஆனது. தலைப்பக்கம் ஸ்ரீநகருக்குப் போய்விட்டது. ஜூஜூவாடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இதே தார் ரோட்டைப் பிடித்துப் போனால் காஷ்மீர் என்று சொல்லிப் பாருங்கள். "மொதல்ல பெங்களூரு சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டுங்க சார், அப்புறம் காஷ்மீரைப் பேசலாம்" என்பார்கள்.

இந்தச் சாலையின் மறுமுனையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் டூல்ரூம் சூப்பர்வைசர். மைக்ரானில் கணக்குப் பார்க்கிற மனிதர். 2024 பொங்கலுக்குச் சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டு, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குல்மார்க் போனார். ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தில் மூன்றாம் நாளுக்கு நேராக "பனிச்சறுக்கு" என்று அச்சிட்டிருந்தது. தங்மார்க்கில் நால்வருக்கும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு 13 கிலோமீட்டர் மேலே ஏறியிருக்கிறார்கள்.

"புல்லுதாண்ணா இருந்துச்சு. நம்ம தளி ரோட்டுல மாசி மாசம் காய்ஞ்சு கிடக்குமே, அதே மாதிரி. அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு புல்லுல நடந்தோம். பையன் குதிரை மேல ஏறினான். அவ்வளவுதான்."

அந்த ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது நாடறிந்த செய்தி. மாதக் கடைசியில்தான் பனி கொட்ட ஆரம்பித்தது. பிப்ரவரி 21 முதல் 25 வரை கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அதே சரிவுகளில் ஜோராக நடந்தன. நண்பர் அதை டிவியில் பார்த்தார். அவர் வீட்டில் அந்த ஒரு வாரம் ரிமோட் யார் கையில் இருந்தது, என்ன பேச்சு நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பத்தாவது, நகர முடியாது. அதனால் இந்த முறை விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று கேள்வியோடு வந்தார். "குல்மார்க்கா, ஆலியா, மணாலியாண்ணா? எது நல்லது?" மூன்றும் இமயமலையில் பனிக்குப் பெயர்போன இடங்கள்.

கேள்வியிலேயே ஒரு பிசகு இருப்பதாக எனக்குப் பட்டது. எந்த ஊர் என்பதை அப்புறம் பார்க்கலாம், எந்த மாதம்?

தமிழில் பனிக்கு இரண்டு பருவம் உண்டு. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. புல் நுனியில் நிற்கும் ஈரமும் பனிதான், இமயமலையில் ஆளுயரத்துக்குக் குவிவதும் நமக்குப் பனிதான். இந்த ஒரே சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. குளிர் வந்தால் பனி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். காஷ்மீரிகள் அப்படி நினைப்பதில்லை. டிசம்பர் 21 முதல் 40 நாளை அவர்கள் 'சில்லை கலான்' என்பார்கள், பெரிய நாற்பது. நாம் மண்டலம் என்று 48 நாளைக் கணக்கிடுவதுபோல ஒரு கணக்கு. அதற்குப் பின் சின்னதாக 20 நாள், அதற்கும் பின் குட்டியாக 10 நாள். ஏரி உறைவதும் குழாய்த் தண்ணீர் உறைவதும் அந்தப் பெரிய நாற்பதில்தான். ஆனால் பனிப்பொழிவுக்குக் குளிர் மட்டும் போதாது, ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்திய காற்றுக் கலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்து வரவேண்டும். வராவிட்டால் வெறும் குளிர்தான், காய்ந்த குளிர். நம் வடகிழக்குப் பருவமழை மாதிரி: மாதத்தைச் சொல்லலாம், நாளைச் சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரிடம் இதை விளக்கவே வேண்டாம். தையில் மாமரம் பூக்குமா, பூத்தது நிற்குமா என்று அவர் தினமும் அண்ணாந்து பார்க்கும் அதே வாரங்களில், காஷ்மீர் ஆப்பிள்காரரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆப்பிள் மரம் உறங்கி எழ ஆயிரம் மணி நேரக் குளிராவது வேண்டும். கோடையில் வேருக்கு நீர் வர மலையில் பனி படிந்திருக்க வேண்டும்.

இனி நம் நாட்காட்டி. அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசியில். பொங்கல் ஜனவரி நடுவில். இரண்டுமே முன்பனி. சறுக்கத் தோதான பனி படிந்து நிற்பது பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. அப்போது பள்ளியில் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு. தொழிற்சாலையில் நிதியாண்டு முடிவு, சிப்காட்டே தூங்காது. இங்கே ரோஜா வளர்க்கிறவர்களின் கதை இன்னும் மோசம். பிப்ரவரி 14-க்குப் பூ அனுப்பி முடிக்கும்வரை அவர்களால் பெங்களூருகூடப் போக முடியாது. பனி இருக்கும்போது லீவு இல்லை, லீவு இருக்கும்போது பனி இல்லை.

சுவிட்சர்லாந்தில் இந்தப் பொருத்தத்தை அரசாங்கமே பார்த்துவைத்திருக்கிறது. அங்கே பள்ளிகளுக்குப் பிப்ரவரி வாக்கில் ஒரு வாரம், சில மாநிலங்களில் இரண்டு வாரம், விளையாட்டு விடுமுறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்தப் பள்ளிகளை மூடியதில் தொடங்கிய பழக்கம் அது. 1980களில் அகதிகளாகப் போய் உணவகச் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகள், பள்ளி முகாமிலேயே சறுக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை.

மே மாதம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பனியைத் தொட வேண்டும், உருட்டி எறிய வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் மே மாதமே போதும். மணாலிக்கு மேலே ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர். வெயில் காலத்திலும் அங்கே பனி கிடக்கும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அனுமதிச்சீட்டு இருக்கிறது, முன்கூட்டியே வாங்க வேண்டும். குல்மார்க்கின் உச்சியிலும் அப்போது திட்டுத் திட்டாகக் கிடைக்கும். அதுகூட வேண்டாம், வாண்டுகளுக்குக் காட்டினால் போதும் என்றால் பெங்களூரு ஜெயமகாலில் கூரைக்குள்ளேயே பனி வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், கையுறை இல்லாமல் பனியைப் பிடித்தால் எத்தனை நொடி தாங்கும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

"இல்லைண்ணா, பொண்ணு சறுக்கணும்கறா" என்றார் நண்பர்.

சரி, அப்படியானால் ஊரைப் பார்ப்போம். குல்மார்க் புல்வெளி 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி 2,637. ஏறக்குறைய ஒரே உயரம்! தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை, குல்மார்க் 34. அந்த வித்தியாசம்தான் ஒன்றுக்கு உறைபனியையும் மற்றதற்குப் பனிப்பொழிவையும் கொடுக்கிறது. ஆலியும் மணாலி அருகே உள்ள சோலங்கும் தொடங்குவது கிட்டத்தட்ட இதே உயரத்தில்தான். ஆகவே பார்க்க வேண்டியது அடிவாரத்தை அல்ல, மேலே எதுவரை போக முடியும் என்பதை. ஆலியின் சரிவு 3,000 மீட்டரை ஒட்டி முடிந்துவிடும். குல்மார்க்கில் ரோப் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது: 1998-ல் திறந்த முதல் கட்டம் கொங்தூரி வரை, 2005-ல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் 3,950 மீட்டர் வாக்கில் இறக்கிவிடும். கீழே புல் தெரிகிற வருடத்திலும் மேலே பனி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால்தான் குல்மார்க்குக்குச் சறுக்குபவர்களிடம் அத்தனை பெயர்.

ஆனால் அந்த மேல்பகுதி டூல்ரூம் சூப்பர்வைசருக்கானது அல்ல. பழனி ரோப் கார் மாதிரி ஏறி இறங்கலாம், தப்பில்லை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். 900 மீட்டர் ஓசூரிலிருந்து நேராகப் போகிறவருக்கு நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கும். சறுக்குவது வேறு விஷயம். இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய பாதை அங்கே குறைவு. புதுப்பனி மலையிலிருந்து மொத்தமாகச் சரியும். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்கள் சறுக்கத் தெரிந்தவர்கள். புதிதாய்க் கற்பவர் கீழே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய இளஞ்சரிவிலேயே நிற்க வேண்டும். முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, கலப்பைக் கொழுபோல வைத்து வேகத்தைக் குறைக்கப் பழகவே இரண்டு நாள் ஆகும். ஒரு நாள் 'ஸ்கீயிங்' என்று பாக்கேஜில் எழுதியிருந்தால், அது விழுந்து எழுவதற்கான கட்டணம்.

நண்பரின் வீட்டம்மாவுக்குக் காஷ்மீர் வேண்டாம். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பிறகு அவரிடம் புள்ளிவிவரம் பேச எனக்கு வாய் வரவில்லை. விடுமுறைக்குப் பயந்துகொண்டா போக முடியும்?

மிஞ்சியது ஆலியும் சோலங்கும். சோலங்கில் ஜனவரியில் கூட்டம் அதிகம். சரிவு சிறியது, இழுத்துப் பிடித்து நூறு படம் எடுக்கலாம். ஒழுங்காகக் கற்க மணாலி மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிகள் இருக்கின்றன, அதற்கு இரண்டு வாரம் லீவு வேண்டும். ஆலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள் பயிற்சி நடத்துகிறது. கீழே ஜோஷிமட், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி அதுதான் என்பார்கள். பத்ரிநாதர் கோயில் அடைத்திருக்கும் மாதங்களில் பூஜை அங்கே நரசிங்கர் கோயிலில் நடக்கும் என்பதால் நண்பரின் அம்மாவும் வருகிறேன் என்கிறார். எனக்கு ஒரு நெருடல் உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமட் வீடுகளில் விரிசல் விட்டு, குடும்பங்களை வெளியேற்றி, ஆலிக்கான ரோப் காரையும் நிறுத்தினார்கள். மண் நகர்ந்த ஊரின் தலைமேல் புது விடுதிகளில் ஏறி உட்கார மனம் ஒப்பவில்லை. பழைய அரசு விடுதியில் தங்குங்கள் என்றேன். பனி குறைந்தால்? 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக ஆலியில் செயற்கைப் பனி இயந்திரங்களை வாங்கி வைத்தார்கள். அதை நம்பியும் போக முடியாது. காற்று உறைநிலையை ஒட்டியாவது குளிர்ந்திருந்தால்தான் தண்ணீரை ஊதிப் பனியாக்க முடியும்.

ஆக, ஊர் ஆலி. மாதம்? பின்பனி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். நண்பர் விடவில்லை. 2025-ல் குல்மார்க் போட்டிகளைப் பிப்ரவரி 22-க்கு வைத்திருந்தார்கள். பனி இல்லாமல் தள்ளிவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அதையும் அவர் டிவியில் பார்த்திருக்கிறார். "உங்க பின்பனியும் லேட்டாத்தானே வருது?" மாசியும் கைவிடுகிறது என்றால் பங்குனி நோக்கித்தான் நகர வேண்டும். அப்போது மகளுக்கு ஆண்டுத் தேர்வு நெருங்கும், அவருக்கு மார்ச் டிஸ்பாட்ச்.

கடைசியில் கண்ட வழி: மாசி மூன்றாம் வாரம், ஏழு நாள் பயிற்சி, பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட், பத்து நாளுக்கு முன் வானிலை பார்த்து உறுதி. பிள்ளைகளின் பள்ளிக்குக் கடிதத்தை அவர் மனைவி எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நேற்று லீவு படிவத்தைக் காட்டினார். பெயர், எம்ப்ளாயி நம்பர், 'காரணம்: குடும்ப விஷயம்', எல்லாம் நீலப் பேனாவில். தேதி மட்டும் பென்சிலில்.

(தொடரும்)